முதுகுக்குப் பின்னால் ஒரு வாயசைப்பு

என் பேக் பாக்கெட்டுக்கு,

நலம். முழங்கால்தான் மழைக்கு முன்பே முனகுகிறது.

ஃபுட்டி ஆட்டத்தில் ஃபுல்பேக்காகக் கோல் வாசலை நான் காத்தேன், பேக் பாக்கெட்டாக நீ எனக்குப் பக்கத்தில். பந்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக ஓடுவேன். யார் முழங்கால் வருகிறதென்று திரும்பிப் பார்ப்பவன் கோழை. தலையில் அடிபட்டு எழுந்தால் டாக்டர் கேட்பார்: "இன்னைக்கு யாரோட ஆட்டம்?" அவர் முதுகுக்குப் பின்னால் நின்று நீ பதிலை வாயசைப்பாய். நான் அப்படியே சொல்வேன். "நல்லாத்தான் இருக்கான், விடுங்க," என்பாய்.

செவ்வாய்க்கிழமை க்வென் என்னை ஜீலாங்கில் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போகிறாள். சும்மா சில கேள்விகள்தானாம். நீயும் வா. "பொண்டாட்டி நான் கூட வரேனே, அவர் எதுக்கு?" என்கிறாள். அவள் வாயசைக்க மாட்டாள்.

நேற்று நம் குழுப் படத்தில் உன்மேல் விரல் வைத்து, "இது யாரு?" என்றாள், தெரியாதவள் போல. "நம்ம பேக் பாக்கெட்," என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

கை வலிக்கிறதென்று சொல்லி, உறையின் மேல் உன் பெயரை அவளையே எழுத வைப்பேன். எழுதியதும் நானும் பார்த்துக்கொள்வேன். செவ்வாய்க்குள் அந்தப் பெயர் மறுபடி மறந்துபோய்விட்டால், அதையும் நீயே வாயசைத்துவிடு.

உன்னை நம்பி நிற்கும்,
ஃபுல்பேக்