ஒழுகும் வீடும் வாசகசாலைச் சாவியும்

புரட்டாசி 12, திங்கள்

காலையிலிருந்து தூறல். பின்கட்டில் காயப்போட்ட மிளகை மறுபடி அள்ளியாயிற்று. வாங்க வேண்டியவை: வெங்காயம், ஊதுபத்தி, இவர் வேட்டிக்கு நீலம்.

மரகதத்தோடு வாசகசாலைக்குப் போனேன். (இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். கணவர் கொக்கோத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. வாய் இவளுக்குத்தான்.) கேட்டது ஒன்றே ஒன்று: வெள்ளிக்கிழமை பிற்பகல் பெண்களுக்குத் திறந்துவிடுங்கள். அந்த நேரம் அங்கே ஈ காக்கை இருக்காது. கண்டி ரயிலில் வரும் பத்திரிகைகள் கட்டுக்கூடப் பிரிக்காமல் கிடக்கும். செயலாளர் (தோட்டத்துத் துரை ஆபீஸ் கிளாக்கர். இனி வெறும் செ.தான், முழுதாக எழுதினால் மை வீண்) மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"பொம்பளைங்க கதை படிப்பீங்கம்மா, இல்லேங்கல. கருத்து பிடிபடாது. அணி, நயம், இதெல்லாம் ஆழமான விஷயம்."

"பிடிபடாதுன்னு யாரு சொன்னாங்க?" இது மரகதம்.

உடனே ஒரு புத்தகத்தை எடுத்து, ஒரு கதையைக் காட்டி, கையில் தந்தார். கருப்பொருளும் நயமும் நான் எழுதி வர வேண்டுமாம். சரியாக இருந்தால் சரசுவதி பூசைக் கூட்டத்தில் வாசிக்கலாம், அங்கேயே வெள்ளிக்கிழமைச் சாவி கையில். பரீட்சை! ஏழாம் வகுப்பில் கல்யாணம் என்று என்னை நிறுத்தியவர்களில் ஒருவர் கூட இப்படிச் சோதித்துப் பார்க்கவில்லை. வரும் வழியெல்லாம் எரிச்சல். ஆனாலும் எழுதத்தான் போகிறேன்.

14, புதன்

வெயில். மிளகு மறுபடி முற்றத்தில்.

கதை சின்னது, பழையது. ஒருவன் தன் வீட்டுக் கூரை ஒழுகுவதை விட்டுவிட்டு, ஊர் மெச்சட்டும் என்று வழிப்போக்கர் மடத்துக்குக் கூரை வேய்கிறான். அடைமழையில் வீடு திரும்புகிறான். மனைவி, பிள்ளையை முந்தானையால் மூடி, ஒழுகும் இடத்திலெல்லாம் சட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "உங்களைப் போலப் புண்ணியவான் உண்டா! வழிப்போக்கர் ஒருவர்கூட நனையவில்லை" என்கிறாள். அதோடு முடிகிறது.

மரகதத்துக்கு வாசித்தேன். கடைசி வரியில் பாக்கு வெட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "நல்லா குடுத்தா!"

அவ்வளவுதானே. வஞ்சப்புகழ்ச்சி. புகழ்வது போல ஏசுவது. சட்டியும் சும்மா வரவில்லை: அவள் இத்தனை நாள் விழுங்கிய பேச்செல்லாம் அதில் நிரம்புகிறது. வழிந்த ஒரு சொட்டுத்தான் அந்தக் கடைசி வரி. கருப்பொருள்: வீடு வந்து சேராத புண்ணியம். ஒரே மூச்சில் எழுதினேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

17, சனி

செ. படித்தார். குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடு.

"கருப்பொருள் தப்பும்மா. இது கற்போட மேன்மை. புருஷனப் போற்றுற பண்பு."

"அவ ஏசுறா ஐயா."

"எங்க ஏசுறா? புண்ணியவான்னு தெளிவா போட்டிருக்கே!"

அவரே எழுதிய நான்கு பக்கத்தைக் கையில் கொடுத்தார். அதை வாசித்தால் சாவி. இல்லையென்றால் அடுத்த வருஷம் பார்க்கலாமாம்.

இவர் மிளகு மூட்டையைத் தைத்துக்கொண்டே, "படிச்சிட்டு சாவிய வாங்கிக்கயேன். யாரு கேக்கப் போறா?" என்றார்.

நான் கேட்பேனே. எனக்குக் காது இல்லையா? ஆனால் சாவியும் வேண்டும். கோயில் தெருப் பெண்களிடமெல்லாம் மரகதம் சொல்லிவிட்டாள். ஒன்றை விட்டால்தான் மற்றது என்று அவர் சொன்னால் போதுமா? மாட்டேன். இரண்டும் வேண்டும்.

ஊதுபத்தி இன்னும் வாங்கவில்லை.

21, புதன். சரசுவதி பூசை

அவல், சுண்டல், வியர்வை. ஆண்கள் முன்னால் நாற்காலியில், நாங்கள் பின்னால் பாயில். பெயரைக் கூப்பிட்டார்கள். நான்கு பக்கத்தையும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தேன். கதையைச் சொன்னேன். பிறகு இது:

"இந்தக் கதைக்கு செயலாளர் ஐயா கண்டுபிடிச்ச கருத்த வேற யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. நாங்க எத்தன வருஷம் படிச்சாலும் அது எங்களுக்குப் பிடிபடாது. இப்பேர்ப்பட்ட அறிவுக்குப் பக்கத்துல இருக்க இந்தப் புத்தகமெல்லாம் குடுத்து வச்சிருக்கணும்."

கைதட்டல். செ. முகமெல்லாம் பல். வெற்றிலைத் தட்டில் வைத்துச் சாவியைக் கொடுத்தார். மரகதம் முந்தானையைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. சிரிப்பு பாய் முழுக்கப் பரவியது.

"எதுக்கும்மா சிரிக்கிறீங்க?"

சாவியை இறுகப் பிடித்துக்கொண்டேன். "இப்ப உங்களப் புகழ்ந்தேன்ல ஐயா, கதையில அவளும் இப்படித்தான் புகழ்ந்தா."

முன்வரிசையில் யாரோ இருமினார்கள். நான் உட்கார்ந்தேன்.

இவர் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தார். வாசலுக்கு வந்ததும், "நேத்து என்னப் போல கத்திரிக்கா வாங்க ஆளில்லேன்னு சொன்னியே?" என்றார். யோசிக்கட்டும்.

23, வெள்ளி

மதியத்திலிருந்து மூட்டம். பெண்கள் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். சாவி நுழையவில்லை. புதுப் பூட்டு, எண்ணெய்ப் பிசுக்குக்கூடப் போகவில்லை. எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

"போயிருவமா?" மரகதம்.

போகவில்லை. படியிலேயே உட்கார்ந்தோம். அந்தக் கதைப் புத்தகம் இன்னும் என்னிடம்தான். திருப்பிக் கொடுப்பதாகவும் இல்லை. சத்தமாக வாசித்தேன். தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். மழை பிடித்தது. புத்தகத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, மனப்பாடமாக மிச்சத்தைச் சொன்னேன். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். செ. குடையோடு ஓடிவந்தார். "என்னம்மா இது, ஊரே பாக்குது! வீட்டுக்குப் போங்க."

சொட்டச் சொட்ட எழுந்து நின்று கும்பிட்டேன்.

"உங்களைப் போலப் புண்ணியவான் உண்டா ஐயா! உள்ள ஒரு புத்தகம்கூட நனையல."

பழக்கத்தில் சிரிக்க வாய் திறந்தார். பாதியில் நின்றது.

கருத்து பிடிபட்டுவிட்டது.