குதிரைக்குச் சேற்றுப்புண்

நுவரெலியா

அன்புள்ள சிவகௌரிக்கு,

நான் சுகம். நீயும் பிள்ளையும் சுகமாயிருக்கவும் மாமியின் முழங்கால் வலி குறையவும் நகுலேஸ்வரரை வேண்டுகிறேன். போனில் கதைத்தால் என்னோடு லாயத்தில் வேலை செய்யும் ரூபனுக்குக் கேட்கும். அதனால்தான் கடிதம்.

நான் பார்க்கும் குதிரையின் கால்களில் சேற்றுப்புண். பொருக்குத் தட்டி, தொட்டாலே உதறுகிறது. ரூபன்தான் எதையோ பூசுகிறான் என்று மூன்று நாட்கள் ஒளிந்திருந்து பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

நேற்று வந்த மிருக வைத்தியர், ஓயாத ஈரத்தால் வந்த புண் என்றார். தினமும் கால் கழுவியது நான்தான், கௌரி. வெளியே போய் வந்தால் கழுவாமல் உள்ளே விடுவோமா? இனிச் சேறு காய்ந்தபின் தூரிகையால் தட்டிவிட வேண்டுமாம். புண்ணை மருந்துத் தண்ணீரால் கழுவி, ஈரம்போக ஒற்றியெடுத்துக் களிம்பு பூச வேண்டுமாம்.

“நான் கழுவுறதைப் பார்த்துக்கொண்டிருந்தனி, ஏன் சொல்லேல்லை?” என்று ரூபனைக் கேட்டேன்.

“கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போற மாதிரிக் கழுவினியள் அண்ணை. ஏதோ நேர்த்திக்கடனாக்கும் எண்டு நினைச்சன்.”

குதிரைக்கு நேர்த்தியா? நான் நம்பவில்லை.

கால் ஒற்ற உன் பழைய நூல் சேலைகள் இரண்டு தபாலில் அனுப்பு. ரூபன் எட்டிப் பார்க்கிறான், நிறுத்துகிறேன்.

கேதீசன்

ஒரு சேலையைத் துவைக்காமல் அனுப்பு.