அப்பாவின் பிரஷர் நோட்டு

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம் என்று முதல் வரியில் எழுதித்தான் எனக்குப் பழக்கம். இந்த முறை அந்த வரியைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி இருமல் இல்லாமல் இருந்தால் இப்போதைக்கு அதுவே எனக்குப் போதும். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசும்போது உன் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு அறை வீட்டில், ஜன்னல் எல்லாம் சாத்திக் கிடக்கும் இந்தக் குளிரில், நான் எங்கே போய் ரகசியம் பேசுவது? இப்போது ஹீட்டர் பக்கத்தில் நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருக்கிறார். நான் சமையலறையில் நின்றுகொண்டே எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

போன குளிர்காலத்தில் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தபோது நீ லீவையெல்லாம் கொட்டிவிட்டு ஓடி வந்தாய், அதனால் உனக்கு வர வேண்டிய பதவி வேறு யாருக்கோ போனது. அதை நான் மறக்கவே இல்லை. இந்த வருஷம் குளிர் ஆரம்பித்ததுமே டாக்டரம்மா காலையிலும் மாலையிலும் பிரஷர் பார்த்து எழுதச் சொன்னார். உன் அப்பாவுக்குச் சொல்லவா வேண்டும்? முப்பத்தோரு வருஷம் பாய்லர் அறையில் மணிக்கு ஒரு தடவை மீட்டரைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதிய மனிதர். ஒரு நோட்டை வாங்கி, கட்டம் போட்டு, ஃபிரிட்ஜ் பக்கத்தில் நூலில் தொங்கவிட்டார். பேனாவில்தான் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது, எடுத்த ரீடிங்கை எழுதாமல் விடவே கூடாது என்று எனக்கும் சட்டம். குளிரில் குழாய் சுருங்கும், உள்ளே அழுத்தம் ஏறும், நம்ம ரத்தக்குழாயும் அப்படித்தான், இதுக்குப் போய் டாக்டருக்குப் படிக்கணுமா என்று கீழ்வீட்டுத் தையல்காரரிடம் ஒரே அலட்டல். இருவரும் வெயில் வந்த பிறகு தெருமுனை வரை நடந்துவிட்டு வருவார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கெடுத்தது நான். ஒரு மதியம் கீழே போய் ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். பாதிப் படியில் முதுகுக்கு நடுவில் பிடித்துக்கொண்டது, தாடை வலித்தது, மூச்சு வாங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு வலிக்கவில்லை, அதனால் வாயுப் பிடிப்பு என்றுதான் நினைத்தேன். மேலே வந்தபோது அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். சும்மா பார்ப்போமே என்று பிரஷர் மிஷின் பட்டையை என் கையில் கட்டினேன். 172/104. எழுதாமல் விடக் கூடாதே, கை தானாகப் பேனாவை எடுத்தது. வீட்டில் இருப்பது ஒரே நோட்டு, அதில் இருப்பது அவர் கட்டம். அதிலேயே எழுதினேன். எழுதிய பிறகு அழிக்கவும் முடியாது. அப்பா எழுந்து பார்த்துவிட்டு இது யாருது என்று கேட்டார். நீங்க தூங்கும்போது எடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு பொய்க்கு அடுத்த பொய், ஐந்து நாள் ஐந்து மதியம் அவர் தூங்கும்போது என் பிரஷரைப் பார்த்து அவர் கட்டத்திலேயே எழுதினேன். தூக்கத்துலகூடவா இவ்வளவு ஏறுது என்று கடைசியில் அவர் பயந்து போய்ப் பகல் தூக்கத்தையே விட்டுவிட்டார். டாக்டரம்மா நோட்டைப் பார்த்ததும் முகம் மாறி, மாத்திரையை இரட்டிப்பாக்கி, குளிர் போகும்வரை வாசப்படி தாண்டவே கூடாது என்றுவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். சொல்ல வாய் வந்தது, மென்று முழுங்கிவிட்டேன். நானும் படுத்துவிட்டால் இவரை யார் பார்ப்பது, நீ மறுபடி டிக்கெட் எடுப்பாயே என்றுதான் மனசு ஓடியது.

அன்றிலிருந்து இருபத்து மூன்று நாள். தையல்காரர் தினம் கீழிருந்து குரல் கொடுப்பார். அப்பா கண்ணாடியில் படிந்த ஈரத்தை ஸ்வெட்டர் கையால் துடைத்துத் துடைத்துத் தெருவைப் பார்ப்பார். கதவுச் சாவி என் இடுப்பில். நீ என்ன ஜெயில் வார்டனா என்று ஆரம்பத்தில் கிண்டல் செய்தவர் பிறகு அதையும் நிறுத்திவிட்டார். எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன, மருந்து வேலை செய்கிறது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். இன்று காலை குளியலறை வாசலில் கண் இருட்டி, சுவரைப் பிடித்தபடியே சரிந்துவிட்டார். அடி ஒன்றும் இல்லை. பார்த்தால் 96/58. அவரேதான் எழுதினார். எழுதிவிட்டு, மிஷின்லதான் கோளாறு, ரிப்பேருக்குக் குடுக்கணும் என்றார். டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன், இன்றைக்கு மாத்திரை வேண்டாம், நாலு மணிக்கு அழைத்து வாருங்கள் என்றார். அதற்குள் அவரிடம் சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வது என்றுதான் உனக்கு எழுதிப் பார்க்கிறேன். எழுந்துவிட்டார், இருமல் கேட்கிறது.

மறுநாள் எழுதுகிறேன். சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் தேவலை. எந்தெந்தத் தேதி என்று மட்டும் கேட்டார். சிவப்புப் பேனா எடுத்து ஐந்து வரிகளைச் சுற்றியும் வட்டம் போட்டார். பாய்லர் அறையில் தவறாக எழுதிவிட்டால் அழிக்க மாட்டார்களாம், வட்டம் போட்டு எழுதியவர் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். போடு என்று பேனாவை நீட்டினார். ஐந்து கையெழுத்தும் போடுவதற்குள் எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது. நாலு மணிக்குப் போய் நோட்டைக் காட்டி நடந்ததைச் சொன்னதும், டாக்டரம்மா எங்கள் இருவரையும் பிடித்துத் திட்டினார். அப்பாவுக்குப் பழைய அளவு மாத்திரை, வெயில் வந்த பிறகு காதை மூடிக்கொண்டு நடக்கலாம். எனக்கு இ.சி.ஜி. எடுத்தார், அது சரியில்லை கண்ணு, திங்கட்கிழமை இன்னொரு பரிசோதனை இருக்கிறது. அதுவரை படி, வாளி, வெளிக்காற்று எதுவும் கூடாது, மறுபடி வலித்தால் நேரம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்றார். சாவி இப்போது அப்பாவின் சட்டைப் பையில். இன்று பத்து மணிக்கு மப்ளர் சுற்றி, ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு இறங்கினார். நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். தையல்காரர் ஓடி வந்து கையைப் பிடித்தார். அப்பா நாலு எட்டு வைத்தார், நின்றார், நிமிர்ந்து நம் ஜன்னலைப் பார்த்தார். மூன்றே நிமிஷத்தில் மேலே வந்துவிட்டார். இருபத்து மூன்று நாள் தவம் கிடந்தீர்களே, இவ்வளவுதானா என்று கேட்டேன். ஓடுற பாய்லரை விட்டுட்டு ஆபரேட்டர் ரூமைவிட்டு வெளிய போகக் கூடாது என்றார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அடைத்துப் போட்டவளும் நான், திறந்துவிட்ட பிறகும் அவரைக் கட்டி வைத்திருப்பவளும் நான்.

நீ பதறி டிக்கெட் எடுக்காதே, திங்கட்கிழமை முடிவு தெரிந்ததும் மறைக்காமல் சொல்கிறேன். உன் ஊர்க் குளிர் எங்கள் குளிருக்கு அப்பன். விடியற்காலையில் வாசலில் பனியை அள்ளும் வேலையை மாப்பிள்ளையும் நீயும் அவசர அவசரமாகச் செய்யாதீர்கள். தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடி, உப்பைக் குறை, தலையையும் காதையும் மூடிக்கொண்டு போ. முதுகோ தாடையோ வலித்தால் வாயு என்று உனக்கு நீயே வைத்தியம் பார்க்காதே, உன் அம்மா செய்ததுபோல. எல்லாரும் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும், குழந்தைக்கு என் முத்தம். ஒன்று மட்டும் மறக்காதே, நீயும் ஒரு நோட்டு வாங்கு, என்ன எண் வந்தாலும் உன் பெயரில் எழுது.

தள்ளி வைத்த அந்த முதல் வரியை இன்னும் என்னால் எழுத முடியவில்லை. அதற்குப் பதில் இதை எழுதச் சொன்னார் அப்பா.

உன் அம்மா.
இன்று காலை ஏழு மணி, 158/96. இது என்னுடையது.