கூடத்தில் முடிவான படிப்பு

ஜூன் 12

என் தங்கத்துக்கு,

அன்னைக்குக் கூடத்திலே இருந்தவங்க: டைல்ஸ் கடை வச்சிருக்கிற உன் மாமா, என் மூத்த பிள்ளை. பஸ் டிப்போவிலே வேலை பார்க்கிற உன் அப்பா. கூப்பிடாமலே வந்த எதிர்வீட்டுப் பல் டாக்டர். காபி கொண்டு வந்த உன் அம்மா. நடுவிலே நீ. மூலையிலே நான், என்னை யாரும் ஆளாவே சேர்க்கலை.

கம்ப்யூட்டர்தான் படிக்கணும்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. எந்தக் கம்ப்யூட்டர் படிப்புங்கிறதிலேதான் சண்டை. "பட்டத்திலேயே ஏஐன்னு இருக்கணும்"னான் மாமா. "சாதா பி.இ. போதும், இன்ஜினியர்னு சொல்லிக்கலாம்"னார் அப்பா. "பிசிஏ சுலபம், பொண்ணுதானே"ன்னார் பல் டாக்டர்.

நீ பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ்னே. "அதிலே கணக்கு நிறைய. எனக்கு அது எப்படி வேலை செய்யுதுன்னு தெரியணும்."

"ஃபேன் எப்படிச் சுத்துதுன்னு தெரிஞ்சாதான் காத்து வருமா?"ன்னான் மாமா. எல்லாரும் சிரிச்சாங்க. ஏஐன்னு முடிவாச்சு, நீயும் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போயிட்டே.

போன்லே கேட்கலாம்னா, இந்த வீட்டிலே யார் பேசினாலும் ஸ்பீக்கர்லே போட்டுடுறாங்க. அதான் எழுத்துக் கூட்டி எழுதறேன். அங்கே மனசு ஒட்டுதா? பொய் எழுதாதே.

உன் பாட்டி

ஜூலை 3

அன்புள்ள பாட்டிக்கு,

உங்க கையெழுத்தைப் படிக்க ரூம்மேட்டையும் துணைக்குக் கூப்பிட்டேன், கோச்சுக்காதீங்க.

ஒட்டலை பாட்டி. ஆனா அழுதுக்கிட்டு உட்காரலை. வேற படிப்புக்கு மாற இன்னும் நாள் இருந்தது. நேரா துறைத்தலைவர் அறைக்குப் போனேன்.

"எல்லாரும் இங்கே சீட்டுக்கு அலையறாங்க. நீ ஏன்மா போறேங்கிறே?"

"செய்யச் சொன்னா செஞ்சுடுவேன் சார். தப்பா விடை வந்தா, எங்கே தப்புன்னு கண்டுபிடிக்கிற ஆளா இருக்கணும்னு ஆசை."

ஒரு பாரத்தை எடுத்து நீட்டினார். அப்பா கையெழுத்து வேணும்னார். அப்பா வந்து, முணுமுணுத்துக்கிட்டே போட்டார். நேத்திலேர்ந்து நான் பி.எஸ்சி. வகுப்பிலே இருக்கேன். முதல் கணக்குக்கே முழி பிதுங்குது. சந்தோஷமா இருக்கு.

அம்மா போன் பண்ணாங்க. "இதுதான் உனக்குச் சரி, எனக்கு அன்னைக்கே தெரியும்"னாங்க. கேட்க இதமா இருந்துச்சு.

இனி யார் மேலேயும் கோபம் வேண்டாம் பாட்டி.

உங்க பேத்தி

ஜூலை 15

தங்கமே,

கடுதாசியைத் தலையணைக்கு அடியிலே வச்சிருக்கேன். மாறினியே, அது போதும். அந்தக் கணக்கெல்லாம் உனக்குத் தூசு.

நேத்து மாமா வந்தான். "பி.எஸ்சி. எடுன்னு நான்தான் சொன்னேன்"னு பல் டாக்டர்கிட்ட அளந்துக்கிட்டிருந்தான். போகட்டும், அவனுக்குத் தெரிஞ்சது டைல்ஸ். தெரியாம பேசினான். உன் அப்பா கையெழுத்துப் போட்டார், அதோட சரியாப் போச்சு. பல் டாக்டர்கிட்டே, பல்லே இல்லாத எனக்கு என்ன பேச்சு.

ஆனா அந்தக் கூடத்திலே கம்ப்யூட்டர் படிச்ச ஆள் ஒருத்திதான் இருந்தா. இத்தனை வருஷமா அதிலேதான் சம்பாதிக்கிறா. எல்லாரும் சிரிச்சப்போ நீ அவ முகத்தைத்தான் பார்த்தே. நான் உங்க ரெண்டு பேரையும் பார்த்தேன். அண்ணன் எதிர்லே ஒரு வார்த்தை பேசாம, பாதி குடிச்ச டம்ளரையெல்லாம் எடுத்துக்கிட்டு உள்ளே போனா. இப்போ அன்னைக்கே தெரியுமாம்.

நீ மன்னிச்சுட்டே, அது உன் மனசு. நான் மன்னிக்க மாட்டேன், உன் அம்மாவை.

உன் பாட்டி