ஆயிரத்துக்குக் கீழே

அன்பு மகள் இங்வில்டுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த வெலிங்டன் காற்றில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் நன்றாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கோபம் கையைப் பிடிக்கிறது. நேற்று போனில் நீ சிரித்தாய் பார், அதிலேயே பாதிக் கோபம். பேச்சில் சொன்னால் இடையில் புகுந்து விளக்கம் சொல்வாய், அதனால் எழுதுகிறேன், முழுக்கப் படி.

நம் தீவின் குளிர்காலப் படகை நிறுத்தப் பார்த்தது உனக்குத் தெரியும். ஏன் என்பது எங்களுக்கே இப்போதுதான் தெரிந்தது. மாவட்ட அலுவலகத்தில் ஐவிண்ட் என்று ஒருவன், எந்தப் படகில் மாதம் எத்தனை பேர் போகிறார்கள் என்று காட்ட ஒரு செயலி செய்திருக்கிறான். பெரிய எண்களை முழுதாகப் போட்டால் மாவட்ட மன்றத்து உறுப்பினர்களுக்குக் கண் வலிக்குமாம், பன்னிரண்டாயிரத்தை 12K என்று சுருக்கிக் காட்ட ஒரு சூத்திரம் எழுதியிருக்கிறான். பத்து லட்சத்தைத் தொட்டால் M, ஆயிரத்தைத் தொட்டால் K. அதற்கும் கீழே இருந்தால் என்ன செய்வது என்று ஒன்றுமே எழுதவில்லை. நம் படகில் மாதம் எழுநூறு பேர்தான், நம் பெயருக்கு எதிரே வெறும் வெள்ளை. அதைப் பார்த்துவிட்டு உறுப்பினர் ஒருவர், "யாருமே போகாத படகை எதுக்கு ஓட்டணும்?" என்று கேட்டாராம், மற்றவர்கள் தலையாட்டினார்களாம்.

உன் அப்பா டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள் அந்தப் படகில்தான் போகிறார். அது நின்றால் வீட்டைப் பூட்டிவிட்டு அக்கரையில் ஏதாவது ஓர் அறையில் போய் முடங்க வேண்டியதுதான். ஐவிண்டைப் போனில் பிடித்தேன். "எண் உள்ள பத்திரமா இருக்கும்மா, திரையில தெரியல, அவ்வளவுதான்" என்கிறான். அதை அவர்களிடம் சொல்லித் தொலையேன்ப்பா என்றால், அந்தத் திரையின் படம் மன்றத்துக்குப் போய்விட்டதாம், அடுத்த மாதக் கணக்கு வந்தால்தான் விஷயத்தை மறுபடி எடுப்பார்களாம்.

நம் படகோட்டி அஸ்லே வாயே திறக்காத மனுஷன், அவர்தான், "அவங்களுக்கு K தானே வேணும்? குடுத்துடுவோம்" என்றார். உடனே ஊர்கூடிச் செய்யும் டுக்னாட் வேலை என்று அறிவித்தோம். படகுத்துறைக்குச் சாயம் பூசக் கூலியில்லாமல் கூடும் அதே கூட்டம், சனிக்கிழமை விடிந்ததிலிருந்து ஏறுவதும் அக்கரையில் இறங்குவதும் மறுபடி ஏறுவதுமாக இருந்தது, ஒவ்வொரு முறை ஏறும்போதும் கணக்கில் ஓர் ஆள் கூடுமே. நான் வாஃபிள் சுட்டுச் சுட்டு அடுக்கினேன், காபிக்குக் குறைவில்லை. பக்கத்து வீட்டு ராக்ன்ஹில்ட் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "எவனோ ஒருத்தன் கண்ணுல பட, இந்த வயசுல நான் குரங்காட்டம் ஆடணுமாடி குன்வோர்?" என்று திட்டித் தீர்த்தாள், ஆனால் ஒரு நடையையும் விடவில்லை. அப்பாவை வீட்டில் இருக்கச் சொன்னேன், "என் படகுக்கு நான் ஏறாம வேற யாரு ஏறுவா" என்று கோட்டை மாட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பிவிட்டார்.

மாதம் முடிந்ததும் திரையில் 1K வந்தது, படகும் பிழைத்தது. மகிழ்ச்சிதான், ஆனால் மன்றத்திலிருந்து பாராட்டு வேறு, பயணிகள் எண்ணிக்கையில் நல்ல வளர்ச்சியாம்! எங்கும் போகாமல் சுற்றிச் சுற்றி வந்ததை நம்பினார்கள். ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் உண்மையாகப் போன எழுநூறு பேரை நம்பவில்லை. வயிறு எரிகிறது இங்வில்ட்.

இதைச் சொன்னதற்குத்தான் நீ, "ஒரு வரி விட்டுப்போச்சும்மா, எல்லாரும் பண்றதுதான், நானும் பண்ணியிருக்கேன்" என்று சிரித்தாய். எனக்குப் பகீரென்றது. அங்கே நீயும் ஊர் ஊராக ஆம்புலன்ஸ் கணக்குக் காட்டும் திரைகளைத்தானே செய்கிறாய்? யார் வீட்டு அப்பா உன் திரையில் வெள்ளையாக இருக்கிறாரோ, எந்த ஊருக்கு வண்டி வேண்டாம் என்று யார் தலையாட்டிக்கொண்டிருக்கிறார்களோ. ஆயிரத்துக்குக் கீழே இருந்தால் உள்ளபடியே காட்டு என்று அந்தக் கடைசி வரியை எழுது. எனக்குப் பதில் எழுதுவது பிறகு ஆகட்டும், முதலில் பழைய வேலைகளைத் திறந்து பார்.

கோபத்தில் எழுதினாலும் நீ என் பெண், எந்தக் குறையும் இல்லாமல் இரு, கடவுள் துணை இருப்பார். கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், பெட்டியில் வைக்காமல் போட்டுக்கொள். அப்பா நாளைக் காலைப் படகில் போகிறார். அவர் ஒரே ஓர் ஆள்தான், மறந்துவிடாதே.

உன் அம்மா,
குன்வோர்