மாப்பிள்ளை நிறுத்திய விமானம்

என் அருமை மாப்பிள்ளை,

நீ போய்ப் பதிமூன்று நாளாகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் உன் மீட்டர் ரிப்பேர் கடை பூட்டியே இருக்கிறது. நேற்றுகூட ஒருவர் பிரஷர் கேஜைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணாத்தே இல்லாம இனிமே யாராண்ட போறது?" என்று கேட்டார்.

எனக்கு யாரையும் எளிதில் மன்னிக்க வராது. என்னை ஒதுக்கிவிட்டுத் தன் அக்கா மகனை டைரக்டராக்கிய எங்கள் கம்பெனி முதலாளியை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் என் கோபத்தில் முதலிடம் உனக்குத்தான். ஐ.டி.ஐ. படித்தவனுக்கு என் தங்கை செல்வியைக் கொடுக்க மாட்டேன் என்றவன் நான். அவள் கேட்கவில்லை.

பேஜர் வந்த புதிதில், கோவைக்கும் ஓசூருக்கும் போய்வர முதலாளி ஒரு பழைய விமானம் வாங்க நினைத்தார். ஒற்றை எஞ்சின் டர்போப்ராப். மூக்கில் ஒரே விசிறி, அதைச் சுழற்ற உள்ளே சின்ன ஜெட் எஞ்சின். தேடிப் பிடித்துப் பேரம் முடித்தவன் நான். ஆனால் பழைய லேத் வாங்கினால்கூட நீ தொட்டுப் பார்க்காமல் அவர் கையெழுத்துப் போடமாட்டார். இதற்கும் உன்னையே கூப்பிட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

மூன்று நாள் மீனம்பாக்கத்தில் விமானத்தைச் சோதிக்கும் லைசென்ஸ் எஞ்சினியரின் பின்னாலேயே நடந்தாய். எந்த மீட்டர் எங்கிருந்து காற்று வாங்குகிறது என்று கேட்டுக் கேட்டு அவரைத் துளைத்தாய். "இன்னா அழகா கீது பாரு மச்சான்! நமக்கு இந்த வயசுல மூச்சு வாங்குது, இதுக்கு வாங்கல" என்று அதன் வயிற்றைத் தடவினாய். வாங்கினால் பராமரிப்பு ஆட்களில் உன்னையும் சேர்ப்பதாக முதலாளி சொல்லியிருந்தார். அதைவிட வேறெதையும் நீ ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

சோதனைப் பயணத்துக்கு அவர் மனைவி, மகள்களோடு வந்தார். பைலட் சுற்றிப் பார்த்து முடித்த பிறகுதான் பூஜை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். சந்தனக் கிண்ணம் என் கையில். விமானத்தின் பக்கவாட்டில் ஒரு சின்ன வட்டம், நடுவே துளைகள். பொட்டு வைக்கவே செய்த இடம் போலிருந்தது. தாராளமாக அப்பினேன். அடைக்காதீர்கள் என்று பக்கத்திலேயே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நான் பி.இ.

கதவு சாத்திவிட்டார்கள். அப்போதுதான் அந்தப் பொட்டு உன் கண்ணில் பட்டது. "நிறுத்து! நிறுத்து!" என்று கையை ஆட்டிக்கொண்டு முன்னால் ஓடினாய். இறங்கி வந்து பார்த்த பைலட்டின் முகம் வெளுத்துவிட்டது. உயரமும் வேகமும் காட்டும் முட்கள் அந்தத் துளைவழிக் காற்றை நம்பித்தான் இருக்கின்றன. மேலே போயிருந்தால் இரண்டும் பொய் சொல்லியிருக்கும்.

"எவன் வச்சது?" என்றார் முதலாளி. நான் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான்தான் சார். தெரியாம வச்சிட்டேன்" என்றாய் நீ.

"மூணு நாளா அதையே நோண்டினவனுக்குத் தெரியாதா? இனிமே இந்தப் பக்கம் காலை வைக்காதே!"

திரும்பும்போது பஸ்ஸில் ஏன் என்று கேட்டேன். "உனக்கு வேல போனா செல்வி அழுவா மச்சான். எனக்குப் போனா திட்டுவா. திட்டு நமக்குப் பழக்கம்தானே?" என்று சிரித்தாய். நான் நன்றிகூடச் சொல்லவில்லை. என் கோழைத்தனத்தைப் பார்த்துவிட்டாய் என்று அதற்கும் உன்மேல்தான் கோபம்.

விமானத்தை வாங்கினார். முதலாளியோடு எத்தனையோ முறை பறந்தேன். "மேலேர்ந்து நம்ம ஊடு தெரியுதா?" என்று ஒருமுறை கேட்டாய். இல்லை என்றேன். தெரிந்தது மாப்பிள்ளை. பருத்திப்பட்டு ஏரியோரம் உன் தகரக் கூரை பளபளவென்று தெரிந்தது. அதைச் சொல்வதில் எனக்கு என்ன குறைந்துவிட்டிருக்கும்?

உன்னளவு பெரிய மனிதனை நான் படித்த இடங்களில் பார்த்ததில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முதலாளி வருகிறார். அந்தச் சந்தனம் வைத்த விரல் என்னுடையது என்று அவர் முன்னால், செல்வி முன்னால், எஸ்டேட் ஆட்கள் எல்லார் முன்னாலும் சொல்வேன். வேலை போனால் போகட்டும். சொல்லிவிட்டுத்தான் இலையில் உட்காருவேன்.

இப்படிக்கு,
செல்வியின் அண்ணன், உன் மச்சான்