கோழிக்குஞ்சு என்று சொன்ன பொய்

12.8.1986, செவ்வாய். ராணிப்பேட்டை.

குவைத்தில் நர்ஸ் வேலைக்குப் போக பாஸ்போர்ட் கேட்டிருந்தேன். விசாரணைக்கு இன்னிக்கு ஏட்டு சைக்கிள்ல வீட்டுக்கே வந்தார். டீ குடிச்சுக்கிட்டே பின்ரூம் கதவைப் பார்த்தார்.

"இன்னாம்மா, பகல்லயே உள்ள லைட் எரியுது?"

உள்ளே என் தம்பி டேவிட் வளர்க்கிற கஞ்சாச் செடிங்க. ஜன்னலை அடைச்சு, டியூப்லைட் போட்டு வளர்க்கிறான். முழங்கால் உயரம்தான், ஆனா மொட்டைத் தொட்டா விரல்ல பிசினா ஒட்டிக்கும். எத்தனையோ தடவை திட்டிட்டேன், கேக்கலை.

"கோழிக்குஞ்சு சார். சூடு வேணும்னு போட்டிருக்கோம்" என்றேன்.

"அப்படியா? வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்டுக்கு வரும்போது என் பொண்ணைக் கூட்டிட்டு வர்றேன். குஞ்சுன்னா அவளுக்கு உயிர்" என்று சிரிச்சுட்டுப் போய்ட்டார். நெஜமாவே நம்பினாரா, தெரியலை.

டேவிட் வந்ததும் சொன்னேன். "இன்னும் கொஞ்ச நாள்க்கா, இப்பத்தான் பிசின் ஏறுது"ன்னான். எல்லாத்தையும் வேரோட பிடுங்கிட்டேன். அவன் தடுக்கலை, சுவரைப் பார்த்து உக்காந்துட்டான்.

எரிச்சா தெருவே மணக்கும். சாக்குல கட்டி என் கட்டிலுக்கு அடியில வச்சிருக்கேன். பக்கத்துல தோல் பதனிடுற ஷாப்பு நாத்தத்தையும் மீறி வாசனை வருது.

இந்த ராத்திரியில வாசல்ல யாரோ சைக்கிளை நிறுத்துற சத்தம். விளக்கை அணைக்கிறேன்.